மேகத்துக்குள் பேசக் கூடாது

ஒரு போகியன்று காலையில் என் தங்கச்சி கூட்ஸ் லைன் பக்கம் காணாமல் போனாள். அம்மா அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே புகைக்குள் ஓடினாள். அம்மா கூப்பிடக் கூப்பிட அவள் இன்னும் தள்ளித்தான் போவாள் என்பது அங்கே இருந்தவர்களில் எனக்கும் இன்னொரு பெண்ணுக்கும் மட்டும்தான் தெரியும். அது ஏன் என்று சொல்ல வேண்டுமானால் நாங்கள் ஆடிக்கொண்டிருந்த ஆட்டத்தைச் சொல்ல வேண்டும்.

நிலாவில் மனுஷன் இறங்கிவிட்டுத் திரும்பி வந்திருந்த சமயம் அது. ராயபுரத்தில் எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்து. சந்தைத் தாண்டினால் காலி இடம். அதையும் தாண்டினால் ஹார்பருக்குப் போய் வருகிற கூட்ஸ் லைன். அப்பாவுக்குத் திருவொற்றியூரில் ஒரு கம்பெனியில் வேலை, பாதி நாள் ராத்திரி ஷிப்ட். என்னை ஐந்தாவதோடு நிறுத்திவிட்டார்கள். தங்கச்சி ஒன்றாவது படித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்துக்கொள்வதுதான் எனக்கு வேலை.

ஆட்டத்தைக் கண்டுபிடித்தவள் எதிர்வீட்டுப் பெண். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள், மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் படித்தாள். அவளுடைய அப்பாவுக்கு நின்ற கப்பலுக்குள் இறங்கிச் சுத்தம் செய்கிற வேலை. கப்பல்காரர்கள் தூக்கிப் போட்ட ஒரு வெள்ளைக்காரப் புத்தகத்தை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். அதன் நடுப்பக்கத்தில் ஒரு படம். கறுப்பு ஆகாசத்தில் ரோஜா நிறத்திலும் ஊதா நிறத்திலும் ஒரு பெரிய புகை. புகைக்குள் அங்கங்கே நட்சத்திரம். அவள் அதைப் பள்ளிக்கூடத்து சிஸ்டரிடம் காட்டிக் கேட்டிருக்கிறாள். அது நெபுலா, நட்சத்திரம் பிறக்கிற மேகம், அங்கேயிருந்து வெளிச்சம் கிளம்பி இங்கே வந்து சேருவதற்குள் ராஜாக்கள் காலமெல்லாம் போய்விடும் என்று சிஸ்டர் சொன்னார்களாம். அன்றிலிருந்து எங்களுக்கு வேறு ஆட்டமே கிடையாது. பாண்டி, நொண்டி எல்லாம் நின்றுபோயின. அவள் கேப்டன். அவளை நாங்கள் கேப்டன் என்றே கூப்பிட்டோம், அவளும் அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பாள்.

எங்கள் பேட்டையே ஆகாசமாகிவிட்டது. மாதா கோயில் பின்பக்கத்து மதில் நிலா. நிலாவுக்குத்தான் ஆள் போய்விட்டார்களே, அதனால் அதற்கு மரியாதை இல்லை. சின்னப் பிள்ளைகளை அங்கே அனுப்பிவிடுவோம். செங்கல் தூள் கொட்டிக் கிடந்த மனை செவ்வாய். சைக்கிள் கடை பாயின் கடையில் டயர்கள் வளையம் வளையமாகத் தொங்கும், அதனால் அது சனி. ஒரு நாள் அவர் காதில் அது விழுந்துவிட்டது.

"இன்னாமே, என் கடயப் பாத்து சனின்றீங்க? யாவாரம் ஏற்கெனவே பேஜாராக் கீது."

"இல்ல பாய், கிரகத்துலயே அதான் அழகு" என்று கேப்டன் சொன்னாள். அவர் நம்பவில்லை.

எங்கள் ஆகாசக் கப்பல் என்பது ஒரு பழைய புடவைக் கிழிசல். இரண்டு பேர் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். கையை விட்டால் கப்பல் உடைந்தது. தெருக்குழாய் மேடைதான் பூமி. பூமியில் ஒருத்தி நிற்க வேண்டும். அவளுக்கு ஓட்டம் கிடையாது, பேச்சு கிடையாது, தகர டப்பாவில் இரண்டு அடி அடித்து, கொஞ்சம் விட்டு, ஒரு அடி அடிக்க வேண்டும். கப்பலில் போனவர்கள் கையில் கிடைத்ததை அதே மாதிரி தட்டிப் பதில் சொல்லிவிட்டு, அந்தச் சத்தத்தைப் பிடித்துத் திரும்பி வர வேண்டும். பூமியாக நிற்க யாருக்கும் பிடிக்காது. நான் நின்றேன். கடையில் மண்ணெண்ணெய் வேண்டும் என்று வாய் திறந்து கேட்க மாட்டேன், கடைக்காரர் என்னைப் பார்க்கிற வரைக்கும் புட்டியைப் பிடித்தபடி நிற்பேன். என் மாதிரி ஆளுக்கு அது ஏற்ற வேலை.

கூட்ஸ் லைன் மட்டும் ஆட்டத்தில் சேராது. அது வால் நட்சத்திரம் போகிற பாதை, கிட்டப் போனால் செத்தோம் என்று கேப்டனே கோடு போட்டிருந்தாள்.

எல்லாவற்றையும்விடத் தூரம் அந்த மேகம். அது எங்கே இருக்கிறது என்று கேட்டால் கேப்டன் சொல்ல மாட்டாள். "அது வரும்போது வரும்" என்பாள். ஆனால் அதற்கான சட்டத்தை மட்டும் முன்னாலேயே எங்களுக்கு மனப்பாடம் ஆக்கிவிட்டாள்.

"மேகத்துக்குள்ள ரேடியோ வேலை செய்யாது. பூமிக்கு வந்து சேர்ற வரிக்கும் வாயத் தொறக்கக் கூடாது. பூமி அடிக்கிற சத்தத்த மட்டும் நம்பணும், அதுக்கு மட்டும் தட்டிப் பதில் சொல்லணும். அப்பால, மேகம் நம்ம பேரச் சொல்லிக் கூப்புடும். நம்ம அம்மா கொரல்லயே கூப்புடும். இன்னான்னு கேட்டியோ, அவ்ளோதான். கரைஞ்சி மேகத்தோட மேகமாப் பூடுவ."

இது அவளாகக் கற்பனை செய்தது மட்டும் இல்லை. உச்சி வெயிலில் யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் முதல் குரலுக்கு ஏன் என்று கேட்கக் கூடாது, அது காத்து கருப்பாக இருக்கும் என்று எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் சொல்வார்கள். எங்கள் அம்மாவே சொல்லியிருக்கிறாள். கேப்டன் அதை எடுத்து ராக்கெட்டில் வைத்துவிட்டாள். அம்மா ஏற்கெனவே சொன்ன விஷயம் என்பதால் தங்கச்சிக்கு அதில் சந்தேகமே வரவில்லை.

அந்தப் போகிக்கு நல்ல பனி. விடிவதற்கு முன்னாலேயே தெருவெல்லாம் கொளுத்திவிட்டார்கள். கோரைப்பாய், துடைப்பம், டயர், கிழிந்த மெத்தை எல்லாம் எரிந்தது. புகை மேலே போக வழியில்லாமல் பனியோடு கலந்து தெருவிலேயே படுத்துக்கொண்டது. விடிந்த பிறகும் எதிர்வீடு தெரியவில்லை. தெருவிளக்கு மஞ்சள் பூசின மாதிரி ஒரு திட்டாகத் தெரிந்தது. எங்கே பார்த்தாலும் போகி மேளச் சத்தம் மட்டும்.

கேப்டன் வாசலில் வந்து நின்றாள். "மேகம் எறங்கிச்சிடி" என்றாள். அவள் குரல் நடுங்கியது, சந்தோஷத்தில்.

தங்கச்சி எனக்கு முன்னால் வெளியே போய்விட்டாள். "நான்தான் வருவேன்."

"நீ குட்டிப் பொண்ணு. நிலாவுக்குப் போ."

"நிலாவுக்கு எத்தினி தபா போறது? அங்க இன்னா கீது, மதுலு கீது."

கேப்டன் சிரித்துவிட்டாள். புடவைக் கிழிசலின் ஒரு முனையை அவள் கையில் சுற்றிவிட்டாள். நான் புதுப் போகி மேளத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு குழாய் மேடையில் ஏறினேன். அவர்கள் சந்து வாயில் வரைக்கும்தான் தெரிந்தார்கள்.

நான் அடித்தேன். இரண்டு, கொஞ்சம் விட்டு ஒன்று. ஆனால் தெரு முழுக்க மேளம். பக்கத்தில் மேளம், பின்னால் மேளம், அடுத்த தெருவில் மேளம். என் அடி எனக்கே கேட்கவில்லை. டப்பாவில் அடித்த நாளெல்லாம் இந்தத் தொல்லை கிடையாது. போகியன்று மேளம் அடித்தால் எந்த மேளம் பூமி என்று எப்படித் தெரியும் என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

ரொம்ப நேரம் கழித்து கேப்டன் மட்டும் வந்தாள். மூக்கிலும் கண்ணிலும் நீர் வடிந்தது. புடவை அவள் கையிலிருந்து தரையில் இழுபட்டுக்கொண்டு வந்தது.

"தங்கச்சி வந்துட்டாளா?" என்று என்னைக் கேட்டாள்.

நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று.

"இருமல் வந்துச்சிடி. ஒரே ஒரு நிமிசம் குந்திட்டேன். நிமிந்து பாத்தா துணி காலியாக் கீது." அவள் மூச்சு வாங்கினாள். "காலுக்குக் கீழ ஜல்லியா இருந்துச்சி. நாங்க லைன் மேல போயிட்டோம் போல."

அதற்குள் அம்மா கோலமாவு கையோடு வாசலுக்கு வந்துவிட்டாள். ஜல்லி, லைன் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் வேறு எதுவும் கேட்கவில்லை. தங்கச்சியின் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டு சந்துக்குள் ஓடினாள். நாங்கள் இரண்டு பேரும் பின்னால் ஓடினோம்.

லைன் ஓரத்தில் ரயில்வே கேட் ஆள் விளக்கோடு நின்றுகொண்டிருந்தார். அந்த விளக்கு வெளிச்சம் அவர் முழங்காலைத் தாண்டிப் போகவில்லை.

"புள்ள இன்னா வயசும்மா? இங்க ஒரு வண்டி நிக்கிது பாரு, கரி எறக்கின காலி வேகன். ஆந்திராப் பக்கம் பெஜவாடா போற வண்டி. இன்ஜின் மாட்டியாச்சி. சிக்னல் வுழுந்தா கெளம்பிடும்." சொல்லிக்கொண்டே அவர் இன்ஜின் இருந்த பக்கம் நடக்க ஆரம்பித்தார். "நான் போய் டிரைவராண்ட சொல்றேன். நீ கூப்புட்டுகினே இரு."

அம்மா இன்னும் பலமாகக் கூப்பிட்டாள். கேப்டன் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். புகைக்குள் எங்கேயோ தங்கச்சி அம்மாவின் குரலைக் கேட்டுக்கொண்டு, வாயை இறுக்கி மூடிக்கொண்டு, அந்தக் குரலிடமிருந்து தப்பித்துப் போய்க்கொண்டிருக்கிறாள். எங்கே ஒளிவாள்? வண்டிக்கு அடியிலா?

"அம்மா, கூப்புடாத" என்றேன்.

"இன்னாடி?"

"கூப்புட்டா வரமாட்டா. மேகம் கூப்புடுதுன்னு நெனச்சிப்பா."

அம்மா என்னை அறைந்தாள். "புள்ளயக் காணோம், கூப்புடாதன்றியே, உனக்கு இன்னா பைத்தியமா?"

கேப்டன் எங்கள் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நெசம்மா. நான்தான் அப்டி சொல்லிக் குடுத்தேன். மேளம் அடிச்சாதான் வருவா. இவ அடிக்கணும். இவ அடிக்கிறது அவளுக்குக் கேக்கணும்."

கேட்க வேண்டுமென்றால் மற்ற மேளம் எல்லாம் நிற்க வேண்டும். போகியன்று காலையில் ராயபுரத்தில் யார் நிறுத்துவார்கள்?

நான் சந்து வழியாகத் திரும்பி ஓடினேன். தெருமுனை நெருப்புக்குப் பக்கத்தில் ஹார்பரில் மூட்டை தூக்குகிற ஒருத்தர் நின்றிருந்தார். தலையில் துண்டு கட்டி, கழுத்தில் எல்லாரையும்விடப் பெரிய மேளம் மாட்டியிருந்தார். அவர் அடிப்பதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் அடிப்பார்கள். அவர் முன்னால் போய் நின்றேன். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. அவர் கண் நெருப்பில் இருந்தது, என்னைப் பார்க்கவில்லை. கடையில் நிற்கிற மாதிரியே நின்றேன். பின்னால் லைன் பக்கத்தில் இன்ஜின் ஊதியது.

நான் என் இரண்டு கையையும் அவர் மேளத்தின் மேல் வைத்தேன். குச்சி என் விரலில் விழுந்தது.

"ஏ, இன்னாமே கைய வெக்கிற? எலும்பு ஒடஞ்சிடும்."

"தங்கச்சி கூட்ஸ் லைன்ல கீறா. என் மேளம் கேட்டாத்தான் வருவா. எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லுங்க மாமா."

வெளி ஆண்பிள்ளை ஒருவரிடம் அதற்கு முன்னால் அவ்வளவு வார்த்தை நான் பேசினது கிடையாது. அவருக்குப் பாதிகூடப் புரிந்திருக்காது. ஆனால் கூட்ஸ் லைன் என்பது அந்தத் தெருவில் யாருக்கும் புரியும். மேளத்தைப் பின்பக்கமாகத் தள்ளிவிட்டு இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினார்.

"டேய், நிறுத்துங்கடா. அடிக்கிறவன் கைய ஒடச்சிருவேன். நிறுத்து."

எங்கள் தெருவில் மேளம் ஒவ்வொன்றாக அடங்கியது. அடுத்த தெரு அடங்கவில்லை. சைக்கிள் கடை பாய் கடைக்குள்ளிருந்து லுங்கியோடு வந்தார், விஷயத்தைக் கேட்டார், வாடகைச் சைக்கிள் ஒன்றை எடுத்துக்கொண்டு மணியை அடித்தபடி புகைக்குள் போனார். "மேளத்த நிறுத்துங்கப்பா, புள்ள காணோம்" என்ற அவர் குரல் தூரத்தில் ஒவ்வொரு தெருவாகத் திரும்பிக்கொண்டே போனது.

நானும் மூட்டை தூக்குகிற மாமாவும் லைனுக்கு வந்தபோது சத்தம் எல்லாம் அடங்கிவிட்டது. அடங்கின பிறகுதான் அந்த வண்டி எவ்வளவு கிட்ட நிற்கிறது என்று தெரிந்தது. கையை நீட்டினால் இரும்பு. கேப்டன் எங்கள் அம்மாவின் வாயைத் தன் உள்ளங்கையால் பொத்திக்கொண்டிருந்தாள். அம்மாவும் விட்டிருந்தாள்.

நான் அடித்தேன். இரண்டு. விட்டு, ஒன்று.

ஒன்றும் இல்லை.

வண்டியை ஒட்டியே நடந்து மறுபடி அடித்தேன். எங்கேயோ நீராவி சீறுகிற சத்தம் மட்டும். மூட்டை தூக்குகிற மாமா குனிந்து குனிந்து ஒவ்வொரு வேகனுக்கு அடியிலும் பார்த்துக்கொண்டு வந்தார். மூன்றாவது தடவை நான் கையை ஓங்கும்போது இன்ஜின் நீளமாக ஊதியது. கேட் ஆள் போய்ச் சேரவில்லை, அல்லது டிரைவர் அவர் விளக்கைப் பார்க்கவில்லை. வண்டி ஒரு இழுப்பு இழுத்தது. கொக்கிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு, அந்தச் சத்தம் எங்களைத் தாண்டி வால் பக்கம் ஓடியது.

அது ஓடி முடிந்த இடத்தில், கல்லால் இரும்பைத் தட்டுகிற சத்தம். டக், டக். கொஞ்சம் விட்டு, டக்.

"உள்ள கீறா" என்று கேப்டன் அலறினாள். "வேகனுக்குள்ள."

வண்டி நகர ஆரம்பித்துவிட்டது. நடக்கிற வேகம்தான். ஆனால் நகர்ந்தது. நான் ஜல்லியில் ஓடிக்கொண்டே அடித்தேன். பதில் எங்களை நோக்கி வந்து, பக்கத்தில் வந்து, தாண்டிப் போகப் பார்த்தது. மாமா மேளத்தைக் கழற்றி எறிந்துவிட்டு அந்த வேகனின் இரும்புப் படியைப் பிடித்துத் தொங்கி ஏறினார். மேலே மூடியில்லாத பெட்டி மாதிரி இருக்கும் அந்த வேகன். அவர் உள்ளே குதித்தது கேட்டது. அடுத்தாற்போல அவர் அலறினதும் கேட்டது.

"ஐயோ, கடிக்குது. ஏ பாப்பா, நான் தெருமொன மூட்ட தூக்குற மாமாடி. உடு. உன் அக்கா கூப்புடுதுடி."

அவள் எப்படி நம்புவாள்? கரி பூசின முகத்தோடு மேகத்துக்குள்ளிருந்து ஒருத்தர் குதித்து, பேசவும் செய்கிறார்.

"நீ அடி" என்று மேலேயிருந்து கத்தினார். "அடிச்சிகினே வா. நிறுத்திடாத."

நான் அடித்தேன். கால் கிழிந்தது அப்போது தெரியவில்லை. வண்டி கொஞ்சம் வேகம் எடுத்தது. இன்னும் கொஞ்சம் போனால் நான் பின்தங்கிவிடுவேன் என்று தெரிந்தது. அப்போது தங்கச்சியின் தலை விளிம்புக்கு மேலே வந்தது. அவள் சத்தம் வந்த பக்கம் குனிந்து என்னைத் தேடினாள். பார்த்தாள். அதற்கப்புறம்தான் உடம்பைத் தளர்த்தினாள். மாமா அவளை ஒரு கையால் பிடித்து வெளியே தொங்கவிட்டார். அம்மா ஓடிக்கொண்டே இரண்டு கையையும் தூக்கினாள். அவர் விட்டார். அம்மாவும் அவளும் ஜல்லியில் உருண்டார்கள், லைனுக்கு வெளிப்பக்கமாக.

வண்டி போய்விட்டது. மாமாவோடு.

அம்மா அவளைத் தடவிப் பார்த்தாள். கை இருக்கிறது, கால் இருக்கிறது. "பேசுடி, எங்கியாவது வலிக்குதா?" தங்கச்சி உதட்டைக் கடித்துக்கொண்டு அம்மாவையே பார்த்தாள். பேசவில்லை. கூட்டம் சேர்ந்துவிட்டது. "பயத்துல வாய் அடச்சிக்கிச்சி, பள்ளிவாசலாண்ட இட்டுனு போய் ஓதிகினு வா" என்று ஒருத்தி சொன்னாள். "மாதாக்கு ஒரு மெழுகுவத்தி நேந்துக்கோ" என்றாள் இன்னொருத்தி. அம்மா அவளைப் பிடித்து உலுக்கினாள். அவள் அழவும் இல்லை.

"கொழாயாண்ட தூக்கினு வாம்மா" என்றேன்.

இந்தத் தடவை அம்மா என்னை அடிக்கவில்லை. தூக்கிக்கொண்டு வந்தாள். குழாய் மேடையில் கால் பட்டதும் தங்கச்சி பெரிதாக ஒரு மூச்சு விட்டாள், கரித்தூளைத் துப்பினாள், என்னிடம் பேச ஆரம்பித்தாள்.

"உள்ள ரோஸ் கலரே இல்லக்கா. எல்லாம் வெள்ளதான். அப்பால அது கூப்ட்டுச்சி, அம்மா மாதிரியே அழுதுகினு கூப்ட்டுச்சி. நான் வாயே தொறக்கல. தூரமா ஓடிப்போய் அந்தப் பொட்டிக்குள்ள ஏறிக்கினேன்."

அம்மா அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். குழாயைத் திறந்து அவள் முகத்தைக் கழுவிவிட்டாள்.

கேப்டனுக்கு அன்றைக்கு அவள் அப்பாவிடம் நல்ல அடி. வெள்ளைக்காரப் புத்தகம் மிச்சம் இருந்த போகி நெருப்பில் போனது. மத்தியானத்துக்குத்தான் மூட்டை தூக்குகிற மாமா வந்தார். வண்டி எண்ணூர் தாண்டித்தான் நின்றதாம். லோக்கல் ரயிலில் டிக்கெட் இல்லாமல் வந்ததாகப் பெருமையாகச் சொன்னார். முன்கையில் பல் பதிந்த இடம் வீங்கியிருந்தது. அம்மா அவர் காலில் விழுந்தாள்.

"அட எழுந்திரும்மா. உன் சின்ன பொண்ணு கடிச்சே சாவடிக்கும், உன் பெரிய பொண்ணு வாயத் தொறந்தா ஆள எண்ணூருக்கு அனுப்புது. நல்ல பொண்ணுங்களப் பெத்துகீற" என்றார். நான் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன்.

அதற்கப்புறம் ஆட்டம் இல்லை. தங்கச்சியும் மேகத்தைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் ரொம்ப நாளைக்கு, அம்மா உள்ளேயிருந்து அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் உடனே பதில் சொல்ல மாட்டாள். நான் எங்கே இருக்கிறேன் என்று பார்ப்பாள். நான் தலையை அசைத்த பிறகுதான் "இன்னாம்மா" என்பாள். அம்மாவுக்கு அது தெரியும். அதனால் பக்கத்தில் நான் இல்லாத நேரத்தில் அவளைக் கூப்பிடாமல், எழுந்து அவள் இருக்கிற இடத்துக்கே வந்து தோளைத் தொடுவாள்.